ஒரு சீசனின் சாம்பியன் யார்? நாஸ்கார் புள்ளிக் கணக்கின் நீண்ட வழக்கு

2025 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் தடத்தில், நாஸ்கார் கப் சீசனின் கடைசிப் பந்தயம் முடிய மூன்று சுற்றுகளே பாக்கி. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் டென்னி ஹாம்லின். அன்று மட்டும் 208 சுற்றுகளை முதலிடத்தில் ஓட்டியிருந்தார். அந்த ஆண்டில் ஆறு வெற்றிகள், வாழ்நாள் கணக்கில் 60. பட்டம் மட்டும் ஒருமுறையும் வாய்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து வேறொருவருடைய டயர் போயிற்று, மஞ்சள் கொடி, எல்லோரும் பிட்டுக்குள் நுழைந்தார்கள். ஹாம்லினுக்கு நான்கு டயர்களை மாற்றினார்கள், கைல் லார்சனுக்கு இரண்டை மட்டும். அந்தச் சில விநாடிகளில் லார்சன் முன்வரிசைப் பக்கம் வந்துவிட்டார். மீண்டும் தொடங்கி ஓடிய இரண்டு சுற்றுகளின் முடிவில் அவர் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. அன்று ஒரு சுற்றைக்கூட முதலிடத்தில் ஓட்டாத, மே மாதத்துக்குப் பிறகு ஒரு பந்தயத்தையும் வெல்லாத லார்சன் அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார்.

விதிப்படி இதில் பிழை இல்லை. இறுதிக்கு வந்த நால்வரில் அன்று முன்னதாக முடிப்பவருக்கே பட்டம் என்பது எல்லோரும் அறிந்திருந்த ஏற்பாடு. ஆனால் 36 பந்தயங்கள் கொண்ட ஒரு சீசனைப் பற்றி அந்த முடிவு என்ன சொல்கிறது? இந்தக் கேள்வி ஹாம்லினுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில் முதல் தேசியப் பட்டம் வழங்கப்பட்ட காலத்திலிருந்தே இருக்கிறது. கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் தவறாமல் வந்து நன்றாக ஓட்டியவரைத் தேடுகிறோமா? அதிகம் வென்றவரையா? நெருக்கடி நாளில் நிமிர்ந்து நின்றவரையா? எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாஸ்கார் இம்மூன்றுக்கும் மாறி மாறிப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. அழித்தும் எழுதுகிறது.

பணமே புள்ளி

1947 டிசம்பரில் டேட்டோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஓட்டலில் பில் ஃபிரான்ஸ் சீனியர் கூட்டிய கூட்டத்தில் நாஸ்காருக்கு வித்திடப்பட்டது. கடையில் விற்கும் கார்களை அப்படியே ஓட்டும் போட்டி 1949-இல் தொடங்கியது. முதல் பந்தயமே தகராறில் முடிந்தது. ஜூன் 19 அன்று சார்லட் மண் தடத்தில் முதலில் வந்த கிளென் டனவே, கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் செய்வதுபோலப் பின்பக்க ஸ்பிரிங்கைப் பலப்படுத்தியிருந்த காரை ஓட்டியதால் தகுதி நீக்கப்பட்டார். கான்சாஸ்காரர் ஜிம் ரோப்பர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. காரின் உரிமையாளர் நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. எட்டே பந்தயங்கள் கொண்ட அந்தச் சீசனின் சாம்பியன், உலகப் போரில் காலில் காயம்பட்டுத் திரும்பியிருந்த ரெட் பைரன்.

அன்று புள்ளிகள் பரிசுத்தொகையை ஒட்டி அளக்கப்பட்டன. பெரிய பரிசு தரும் பந்தயத்துக்குப் பெரிய புள்ளி. விளையாட்டின் நியாயத்தைவிட அமைப்பாளரின் தேவைதான் இதில் முன்னே தெரிகிறது. பரிசை உயர்த்தும் தட உரிமையாளருக்கு நல்ல ஓட்டுநர்கள் வந்தாக வேண்டும் அல்லவா? அமைப்பின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை 1950 காட்டியது. நாஸ்காருக்கு வெளியே ஓடிய குற்றத்துக்காக லீ பெட்டியின் 800-க்கும் மேற்பட்ட புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த பில் ரெக்ஸ்ஃபோர்டுக்குப் பட்டம் போயிற்று. பறித்த புள்ளிகளைத் திருப்பிச் சேர்த்தால் பெட்டியே முதலிடம். ஆக, இரண்டாவது சீசனிலேயே ஓட்டுநரின் திறமையோடு அமைப்புக்கான விசுவாசமும் பட்டத்தில் கலந்துவிட்டது.

ஒரு வெற்றியோடு சாம்பியன் ஆவது அதன்பிறகும் நடந்தது. 1961-இல் நெட் ஜாரெட் ஒன்றே வென்று பட்டம் பெற்றார். ஜோ வெதர்லி ஒன்பது வென்றும் பெறவில்லை. 1973 இன்னும் விநோதம். டேவிட் பியர்சன் 18 பந்தயங்களில் மட்டும் இறங்கி 11-ஐ வென்றார். அவரது அணி எல்லாத் தடத்துக்கும் போகும் அணி அல்ல. முடித்த தூரத்துக்கும் புள்ளி உண்டு என்ற அந்த ஆண்டின் விதியில், ஒன்றே வென்ற பென்னி பார்சன்ஸ் சாம்பியன் ஆனார். ராக்கிங்ஹாமில் நடந்த கடைசிப் பந்தயத்தின் 13-வது சுற்றிலேயே அவர் கார் மோதி நொறுங்கியது. பிற அணிகளின் மெக்கானிக்குகளும் கைகொடுத்து அதைச் சரிசெய்து தடத்துக்கு அனுப்பினார்கள். எத்தனை சுற்று ஓடினாலும் அதற்கொரு கூலி இருந்ததால்தான் அந்தக் காட்சி சாத்தியமாயிற்று.

மறு ஆண்டு விதி மீண்டும் மாறியது. 1974-இல் ஓட்டுநர் வென்ற பரிசுத்தொகையை அவர் கலந்துகொண்ட பந்தயங்களின் எண்ணிக்கையால் பெருக்கி 1000-ஆல் வகுத்தார்கள். ரிச்சர்ட் பெட்டி 5,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளோடு வென்றார். இரண்டாம் இடத்துக்கு வந்த கேல் யார்பரோவுக்கும் அவருக்கும் இடையே 560-க்கும் மேற்பட்ட இடைவெளி. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டவர் எவரும் இருந்திருக்க மாட்டார். ஓராண்டிலேயே அது கைவிடப்பட்டது.

லாட்ஃபோர்டின் பட்டியல்

1975-இல் வந்த பட்டியலைப் பாப் லாட்ஃபோர்ட் வகுத்தார். டேட்டோனா பீச்சில் ஒரு மதுக்கூடத்துக் காகிதக் கைக்குட்டையில் அதைக் குறித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும் பட்டியல் அந்தக் காகிதத்துக்குள் அடங்கக்கூடியதுதான். முதலிடத்துக்கு 175, ஆறாவது இடம்வரை ஐந்தைந்தாகக் குறையும், 11-வதுவரை நான்கு நான்காக, அதன்பின் மூன்று மூன்றாக. ஒரு சுற்றேனும் முன்னணியில் ஓட்டினால் ஐந்து, அதிகச் சுற்றுகள் ஓட்டினால் இன்னோர் ஐந்து. எல்லாத் தடத்துக்கும், எல்லாப் பரிசுக்கும் ஒரே கணக்கு.

காலச் சூழலும் இதற்கு இசைந்தது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் புகையிலை நிறுவனம் 1971-இல் வின்ஸ்டன் பெயரோடு புரவலராக வந்தது. 48 பந்தயங்களாக இருந்த சீசன் 1972-இல் 31 ஆகச் சுருங்கியது. விளம்பரம் செய்கிறவருக்குத் தெரிந்த முகங்கள் ஒவ்வொரு வாரமும் தடத்தில் வேண்டும். பியர்சனைப் போலப் பொறுக்கியெடுத்து ஓட்டுவதை நிறுத்தி, எல்லோரையும் எல்லாப் பந்தயத்துக்கும் இழுத்துவந்ததே லாட்ஃபோர்ட் பட்டியலின் முதல் சாதனை. 2003-ஆம் ஆண்டுவரை முழுச் சீசனின் பட்டத்தையும் அதுவே தீர்மானித்தது.

ஆதரவாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது 1992. அட்லாண்டாவின் கடைசிப் பந்தயத்துக்கு ஆறு பேர் பட்ட வாய்ப்போடு வந்தார்கள். முன்னணியில் வந்த டேவி அல்லிசன் மோதலில் சிக்கினார். மிஞ்சியது பில் எலியட்டுக்கும், சொந்த அணியைச் சொந்தப் பாடுபட்டு நடத்திய ஆலன் குல்விக்கிக்கும் இடையிலான போட்டி. பந்தயத்தை எலியட்டே வென்றார். ஆனால் முன்னணியில் அவர் ஓட்டியது 102 சுற்றுகள், குல்விக்கி 103. அந்த ஒரு சுற்றுக்குக் கிடைத்த ஐந்து புள்ளிகளோடு குல்விக்கி 4,078-க்கு 4,068 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் இருவரும் சமம். வெற்றிகளின் எண்ணிக்கையில் எலியட் சாம்பியன். குல்விக்கியின் அணி பிட்டுக்குள் அழைப்பதைத் தள்ளிப்போட்டு அந்தச் சுற்றுகளை எண்ணி எண்ணிச் சேர்த்தது. பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் அது என்று சொன்னால் மிகையில்லை. செயற்கையான எந்த ஏற்பாடும் இல்லாமலே சீசன் கடைசிச் சுற்றுவரை இழுபட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்பார்கள்.

ஆனால் அப்படி வாய்த்த ஆண்டுகள் சில. பல ஆண்டுகளில் கடைசிப் பந்தயத்துக்கு முன்பே கதை முடிந்துவிட்டது. அதைவிட ஆழமான குறை பட்டியலின் உள்ளேயே இருந்தது. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் அடிப்படை வித்தியாசம் ஐந்தே புள்ளி. அதிகச் சுற்றுகள் ஓட்டிய இரண்டாமவர், ஒரே சுற்று முன்னணியில் ஓட்டி வென்றவருக்குச் சமமாகவே புள்ளி எடுத்துவிடலாம். கீழே போனாலும் அதே மெதுவான சரிவு. 43-வது இடத்துக்கும் 34 புள்ளிகள். ஆகவே ஒருவரை வீழ்த்தியது வெற்றியின்மை அல்ல. ஒரு மோசமான நாள். நொறுங்கிய கார்களை ஒட்டுப்போட்டு மெதுவாக ஓட்டி, இடத்துக்கு மூன்று புள்ளி பொறுக்கும் பழக்கமும் இதனால் வளர்ந்தது. சேதமான கார்களைப் பிட்டில் பழுதுபார்க்க 2017-இல் நேரக்கட்டுப்பாடு வரும்வரை அது நீடித்தது.

வெற்றியின் விலை

எலியட் 1985-இல் 11 பந்தயங்களை வென்றார்; டேரல் வால்ட்ரிப் மூன்று. பட்டம் 101 புள்ளி வித்தியாசத்தில் வால்ட்ரிப்புக்கு. 1993-இல் ரஸ்டி வாலஸ் பத்து வென்றும் ஆறு வென்ற டேல் எர்ன்ஹார்ட்டிடம் இழந்தார். 1996-இல் ஜெஃப் கார்டன் பத்து வென்றும் இரண்டே வென்ற டெர்ரி லபான்டி 37 புள்ளியில் முந்தினார். வெற்றிதான் சாம்பியனின் அடையாளம் என்போருக்கு இந்தப் பட்டியல் போதும்.

கொதிநிலை 2003-இல் வந்தது. மேட் கென்செத் லாஸ் வேகஸில் ஒரே பந்தயத்தை வென்று, 33 வாரங்கள் தொடர்ந்து முதலிடத்தில் உட்கார்ந்து, கடைசிப் பந்தயத்துக்கு முன்பே பட்டத்தை உறுதிசெய்துவிட்டார். எட்டு வென்ற ரயன் நியூமன் ஆறாவது. அடுத்த ஆண்டு வந்த மாற்றத்தை ரசிகர்கள் 'கென்செத் விதி' என்றே அழைத்தார்கள். அந்த ஓட்டுநருக்கு இது நியாயமா என்பது வேறு விஷயம். வாராவாரம் முதல் பத்துக்குள் முடிப்பது திறமை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

வெற்றியை மட்டும் எண்ணலாமே என்ற யோசனை எளிமையால் கவரும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2009 மார்ச்சில் அப்படியே அறிவித்து, அணிகள் எதிர்த்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஸ்டாக் காருக்கு அது இன்னும் பொருந்தாது. டேட்டோனா, டல்லடேகா போன்ற பெரிய தடங்களில் கார்கள் கும்பலாக ஒட்டிக்கொண்டு ஓடும். கடைசிச் சுற்றில் யார் முன்னே வருவார் என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரும் பங்கு. 2022-இல் ஒரே வகை உதிரிப் பாகங்களோடு புதிய தலைமுறைக் கார் அறிமுகமானபோது ஒரு சீசனில் 19 பேர் வென்றார்கள். வெற்றிகள் அவ்வளவு சிதறும் இடத்தில் நான்கு, ஐந்து என்ற எண்ணிக்கைகள் திறமையை எவ்வளவு பிரித்துக் காட்டும் என்பது சந்தேகமே.

சேஸ்: நடுவில் போட்ட கோடு

2004-இல் நெக்ஸ்டெல் புரவலராக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நாஸ்காரின் தலைமைக்கு வந்திருந்தவர் பிரையன் ஃபிரான்ஸ். 26 பந்தயங்களுக்குப் பிறகு முதல் பத்துப் பேரின் புள்ளிகளை ஐந்தைந்து வித்தியாசத்தில் மறுபடி அடுக்கி, கடைசிப் பத்துப் பந்தயங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கும் முறை அறிமுகமானது. பெயர் சேஸ். அமெரிக்கக் கால்பந்து லீக் தொடங்கும் செப்டம்பரில் தொலைக்காட்சியிலிருந்து ரசிகர் நழுவுவதைத் தடுப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். பிற விளையாட்டுகளில் பிளே-ஆஃப் இருக்கும்போது இங்கே ஏன் கூடாது என்பது வாதம்.

இந்த ஒப்புமையில் ஓர் ஓட்டை உண்டு. பிளே-ஆஃப் நடக்கும்போது வெளியேறிய அணிகள் மைதானத்தில் இருப்பதில்லை. இங்கே பட்டத்துக்குப் போட்டியிடாத முப்பது பேரும் அதே தடத்தில், அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எவர் மோதினாலும் இறுதிப்போட்டியின் போக்கு மாறும்.

ஆனாலும் முதல் சேஸ் அட்டகாசமாகவே முடிந்தது. கடைசிப் பந்தயத்தில் சக்கரமே கழன்றோடிய பிறகும் கர்ட் புஷ் எட்டே புள்ளியில் ஜிம்மி ஜான்சனை முந்தினார். பிறகு விதி திருத்தத்துக்கு மேல் திருத்தம் கண்டது. 2007-இல் 12 பேர், வெற்றிக்குப் பத்துப் போனஸ். 2011-இல் லாட்ஃபோர்ட் பட்டியலே போயிற்று. முதலாமவருக்கு 43, கடைசியாளுக்கு 1 என்ற நேர்க்கோட்டுக் கணக்கு வந்தது. அந்த ஆண்டே டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் 2,403 புள்ளிகளில் சமமானார்கள். ஸ்டூவர்ட்டுக்கு ஐந்து வெற்றிகள், ஐந்தும் சேஸுக்குள். எட்வர்ட்ஸுக்கு ஒன்று. வெற்றி எண்ணிக்கையில் ஸ்டூவர்ட் சாம்பியன். ஒரு விதத்தில் பழைய கேள்விக்குக் கிடைத்த அழகான சமரசம் அது. தொடர்ச்சி எட்வர்ட்ஸைச் சமநிலைவரை கொண்டுவந்தது, வெற்றி ஸ்டூவர்ட்டைத் தாண்டவைத்தது. அப்படியே விட்டிருக்கலாமோ என்று தோன்றும். விடவில்லை.

இடையில் ஜான்சன் 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்களை வென்றார். எதிர்பாராத முடிவுகளுக்காக அமைத்த முறையை ஒருவரே ஐந்தாண்டு ஆண்டது அமைப்பாளர்களுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்வதற்கில்லை.

நால்வர், ஒரே நாள்

2014-இல் வந்தது மிகத் துணிச்சலான பதில். 16 பேர் தகுதி பெறுவார்கள். வழக்கமான சீசனில் ஒரு பந்தயம் வென்றால் ஏறக்குறைய இடம் உறுதி. மூன்று மூன்று பந்தயங்களாக மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நால்வர் வெளியேற்றம். மிஞ்சிய நால்வர் கடைசிப் பந்தயத்தில் நேருக்கு நேர். தொடர்ச்சி, வெற்றி இரண்டையும் ஒதுக்கி, நெருக்கடி நாளில் நிற்பவருக்கே பட்டம் என்ற மூன்றாவது பதில் இதுதான்.

அறிமுக ஆண்டிலேயே அந்த முறை தன் படைப்பாளர்களைத் திடுக்கிட வைக்கப் பார்த்தது. சீசன் முழுதும் ஒன்றும் வெல்லாத நியூமன் இறுதி நால்வரில் வந்து, கடைசிப் பந்தயம் நடந்த ஹோம்ஸ்டெட்டில் இரண்டாவதாக முடித்தார். கெவின் ஹார்விக் வென்றதால் வெற்றியில்லாத சாம்பியன் என்ற செய்தி தவிர்க்கப்பட்டது. 2015-இல் கால் முறிந்து 11 பந்தயங்களைத் தவறவிட்ட கைல் புஷ் சிறப்பு அனுமதியோடு தகுதி பெற்றுச் சாம்பியன் ஆனார். எல்லாப் பந்தயத்துக்கும் வரவேண்டும் என்ற 1975-இன் அடிப்படை அங்கே முழுவதும் தலைகீழாயிற்று.

இதன் ஆதரவாளர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2014 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் சாம்பியன் ஆனவர் கடைசிப் பந்தயத்தையே வென்று பட்டம் பெற்றார். மற்ற முப்பது பேரும் விட்டுக்கொடுத்தார்களா, அணிகள் அந்த ஒரு நாளுக்கெனத் தங்கள் மிகச் சிறந்த காரைத் தயாரித்தனவா என்று விவாதிக்கலாம். எது காரணமாயினும், தகுதியற்றவர் தற்செயலாக வென்றார் என்று அந்த ஒன்பது ஆண்டுகளைச் சொல்ல இயலாது.

பலவீனம் எண்ணிக்கையின் சிறுமையில் இருக்கிறது. நால்வரில் மிகச் சிறந்தவர் ஒரு நாளில் மற்ற மூவரையும் முந்த நூற்றுக்கு 40 வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம், பெரிய வாய்ப்புதான். அப்போதும் ஐந்தில் மூன்று ஆண்டுகளில் பட்டம் வேறொருவருக்குப் போகும். பத்துப் பந்தயங்களின் கூட்டுத்தொகையில் அதே திறமை வித்தியாசம் இன்னும் உறுதியாக வெளிப்படும். 2020-இல் ஹார்விக் ஒன்பது வென்றும் இறுதி நால்வருக்குள்ளேயே வரவில்லை. 2016-இல் பட்டத்தை நெருங்கிய எட்வர்ட்ஸை, சில சுற்றுகளே மீதமிருந்தபோது வந்த மஞ்சள் கொடியும் அதன் பின் நேர்ந்த மோதலும் வீழ்த்தின. 2024-இல் ஜோயி லகானோ முதலில் வெளியேறியவர். அலெக்ஸ் போமனின் கார் எடைச் சோதனையில் தோற்றதால் உள்ளே வந்தார், சாம்பியனும் ஆனார். அந்தச் சீசனில் அவர் பந்தயங்களை முடித்த சராசரி இடம் 17.1. அவர் ஓட்டியதில் குறையொன்றும் இல்லை. விதி கேட்டதை அவர் கொடுத்தார்.

இன்னொன்று, இறுதி நடக்கும் தடம். 2020 முதல் 2025 வரை இறுதி ஃபீனிக்ஸிலேயே நடந்தது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று பட்டங்களும் ஒரே பென்ஸ்கி அணிக்கு. ஓவல், சாலைத் தடம், குட்டைத் தடம் என்று பலவகையாக நீளும் ஒரு சீசனின் முடிவை ஒரு மைல் நீளத் தடம் ஒன்றின் குணத்தில் தொங்கவிடுவது, பத்துப் பாடம் படிக்கச் சொல்லி ஒரே பாடத்தில் தேர்வு வைப்பதைப் போன்றது.

ஆசை காட்டினால் வரும் வினை

விதிகள் நடத்தையை மாற்றும் என்பது பொருளியலாளர்கள் நெடுநாளாகச் சொல்வது. பிரையன் பெக்கரும் மார்க் ஹியூசிலிடும் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக்கு நாஸ்கார் தரவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். பரிசு இடைவெளி பெரிதாகும்போது ஓட்டம் மேம்படுகிறது. கூடவே ஆபத்தான ஓட்டத்துக்கான தடயங்களும் தென்படுகின்றன என்பது அவர்கள் சென்றடைந்த முடிவின் சாரம். அது ஒற்றைப் பந்தயங்களின் பரிசைப் பற்றியது, சாம்பியன் பட்டத்தைப் பற்றியதல்ல என்பதால் நேரடியாகப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் கடந்த பத்தாண்டுகளின் நிகழ்வுகள் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

2013 செப்டம்பரில் ரிச்மண்டில் சேஸுக்கான கடைசி இடங்கள் முடிவாகும் பந்தயம். மைக்கேல் வால்ட்ரிப் அணியின் கார் ஒன்று முடிவுக்குச் சற்று முன் சுழன்றது. அதே அணியின் இன்னொருவர் தகுதி பெற்றார். விசாரித்த நாஸ்கார் 3 லட்சம் டாலர் அபராதம் விதித்து, அந்த ஓட்டுநரின் இடத்தை நியூமனுக்குக் கொடுத்து, கார்டனையும் பதின்மூன்றாம் ஆளாகச் சேர்த்தது. 2022-இல் மார்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெயின் கடைசி வளைவில் சுவரோடு காரை உரசவிட்டு, பிரேக்கைத் தொடாமல் ஐந்து பேரைத் தாண்டி, ஹாம்லினிடமிருந்து இறுதி இடத்தைப் பறித்தார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த சீசனுக்கு முன் நாஸ்கார் அதைத் தடுத்தது. 2024 ஆகஸ்டில் புள்ளியில் 32-வது இடத்திலிருந்த ஆஸ்டின் டில்லன் ரிச்மண்டின் கடைசிச் சுற்றில் இருவரை இடித்துத் தள்ளி வென்றார். வெற்றியை அவரிடமே விட்டுவிட்டு, அதனால் வரவேண்டிய பிளே-ஆஃப் தகுதியை மட்டும் பறித்தார்கள்.

இவற்றை ஒழுக்கக்கேடு என்று தனித்தனியாகப் பேசுவது ஒரு பார்வை. ஒரு இடத்தின் மதிப்பு ஒரு புள்ளியிலிருந்து ஒரு சீசனாகத் திடீரென்று தாவும் விளிம்புகளை விதி உண்டாக்கும்போது, அந்த விளிம்பில் நிற்பவர் குதிக்கத்தான் செய்வார் என்பது இன்னொன்று. இரண்டாவதே பொருந்துவதாகத் தெரிகிறது. லாட்ஃபோர்டின் மெதுவான சரிவில் ஐந்து இடத்துக்காகச் சுவரில் மோத யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

ஆனால் சரிவான கணக்கும் தூய்மையானதல்ல. முழுச் சீசன் கணக்குக்காக அண்மை ஆண்டுகளில் உரக்கப் பேசியவர் மார்க் மார்ட்டின். அவர் ஐந்து முறை இரண்டாமிடம் பெற்றவர். 1990-இல் கார்புரேட்டர் பாகம் ஒன்றைப் பற்றிய மீறலுக்காக அவரிடமிருந்து 46 புள்ளிகள் கழிக்கப்பட்டன. பட்டத்தை இழந்ததோ 26 புள்ளியில். சீசன் நீளமானால் தற்செயல் கரையும் என்பது உண்மை. அதிகாரியின் பேனா கரையாது.

பழைய கணக்கை இன்றைக்குப் போடலாமா?

ஒவ்வொரு சீசன் முடிவிலும் ரசிகர்கள் பழைய பட்டியலை எடுத்துப் புதிய முடிவுகளைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 2004, 2007 இரண்டும் கார்டனுக்கு. 2007-இல் இடைவெளி 300 புள்ளிக்கும் மேல். இவ்விரண்டைச் சேர்த்தாலே அவருடைய நான்கு பட்டங்கள் ஆறாகும். இந்த வாதம் பரவலானது, ஆனால் அதன் அடித்தளம் பலவீனமானது. சேஸ் இருக்கிறது என்று தெரிந்த அணிகள் கோடை மாதங்களைச் சோதனைக்களமாக்கிக்கொண்டன. தகுதி உறுதியானதும் புதிய அமைப்புகளை முயன்றன. வேறு விதி இருந்திருந்தால் வேறு விதமாக ஓட்டியிருப்பார்கள். வாலிபால் ஆட்டத்தின் புள்ளிகளைக் கபடி விதியில் எண்ணுவதைப் போன்றது இது.

அதற்காக எல்லா விதியும் சமம்தான் என்று முடித்துவிடவும் கூடாது. விதிக்கு அப்பால் ஓர் 'உண்மையான சாம்பியன்' ஒளிந்திருப்பதாக எண்ணுவது தவறு. ஆனால் தற்செயலுக்கு எவ்வளவு இடம் தருகிறது, குறுக்குவழிக்கு எவ்வளவு தூண்டுகிறது, பார்வையாளருக்கு எவ்வளவு புரிகிறது என்ற அளவுகளில் விதிகளை ஒப்பிட முடியும். முதல் இரண்டிலும் நால்வர் இறுதி மோசம். மூன்றில் மிக நன்று. லாட்ஃபோர்ட் பட்டியல் முதல் இரண்டில் நன்று. வெல்லத் தூண்டுவதில் சோம்பேறி. 1974-இன் பெருக்கல் கணக்கு எதிலும் தேறாது.

ரசிகரின் மதிப்பீடு புள்ளியோடு சேர்ந்து போவதும் இல்லை. நாஸ்காரின் டிரக் தொடரில் 2010-இல் சில பந்தயங்களில் மட்டும் ஓட்டிய கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டு மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்குக்கும் பட்டியலுக்கும் தனித்தனிக் கிண்ணம் இருப்பதில் ஒரு ஞாயம் உண்டு.

2026: பழைய பெயர், புதிய விலை

ஃபீனிக்ஸ் முடிவுக்குப் பிந்தைய ஜனவரியில் நாஸ்கார் சேஸுக்கே திரும்புவதாக அறிவித்தது. வெளியேற்றக் கட்டங்கள் இல்லை. ஒரு வெற்றியால் தானாகத் தகுதியும் இல்லை. 26 பந்தயங்களின் புள்ளிப்படி 16 பேர். முதலாமவர் 2,100, அடுத்தவர் 2,075, மூன்றாமவர் 2,065 என்று தொடங்கி, பத்துப் பந்தயங்களின் கூட்டுத்தொகையில் பட்டம். 40 ஆக இருந்த வெற்றிப் புள்ளி 55 ஆகிறது, இரண்டாமிடத்துக்கு 35. அதாவது முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலான தூரம் ஐந்திலிருந்து இருபதாக நீள்கிறது. இறுதிப் பந்தயம் ஹோம்ஸ்டெட்டுக்குத் திரும்புகிறது.

தொடர்ச்சி, வெற்றி இரண்டையும் ஒரே பட்டியலில் கட்டிப்போடும் முயற்சிகளில் இதுவே ஓரளவு யோசித்துச் செய்ததாகப் படுகிறது. எனினும் சில கேள்விகள் தீர்ந்தபாடில்லை. 55 என்ற வெற்றிப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். அது கடைசிச் சுற்றுகளில் துணிச்சலைக் கூட்டுமா, மோதலைக் கூட்டுமா என்பதைத் தடம்தான் சொல்லவேண்டும். ஒருவர் பத்தில் நான்கை வென்று நவம்பருக்கு முன்பே பட்டத்தைக் கட்டிவைத்தால், தொலைக்காட்சி நிறுவனங்கள் எத்தனை ஆண்டு பொறுத்துக்கொள்ளும் என்பதும் தெரியாது. 2003-இல் பொறுக்கவில்லை. 26 பந்தயங்களின் உழைப்பை 25 புள்ளி முன்னிலையாகச் சுருக்குவது நியாயமா என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. ஒரு வெற்றியும் ஐந்து இடங்களும் போதும், அந்த முன்னிலை கரைய.